விலைபோகும் வலைத்தளங்கள்: வாங்குதல், திருத்துதல், விற்றல் – ஓர் ஆய்வு

பழுதுபட்ட பொருளைக் குறைந்த விலைக்கு வாங்கி, உழைப்பைச் செலுத்திச் சீராக்கி, ஏற்ற விலைக்கு விற்பது வணிகத்தின் பழைய முறைகளுள் ஒன்று. மழைக்கு ஒழுகும் வீட்டை வாங்கி ஓடு மாற்றி விற்பாரும், துருவேறிய மிதிவண்டியை வாங்கிக் கம்பி கோத்து விற்பாரும் எல்லா ஊரிலும் உளர். இம்முறை இன்று கையால் தொட இயலாத ஒரு பொருளின்மீதும் நடைபெறுகின்றது. வருகையாளர் குறைந்து வருவாய் மெலிந்து கிடக்கும் வலைத்தளங்களை விலைக்கு வாங்கி, சில திங்களோ சில ஆண்டோ அவற்றைத் திருத்தி, கூடிய விலைக்கு விற்பதையே தொழிலாகக் கொண்டோர் உலகின் பல நாடுகளிலும் உள்ளனர்.

வணிகவியல் துறையார் எழுத வேண்டிய பொருளைத் தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் ஏன் எடுத்துக்கொண்டோம் என வாசகர் வினவலாம். நம் துறையில் பயின்று சென்ற மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், தையற்கடை நடத்தும் தம் தந்தையாரின் சேமிப்பாகிய 3 இலட்சம் ரூபாயை இத்தொழிலில் இடலாமா என்று கேட்டு வந்தார். அவருக்கு விடை சொல்லும் பொருட்டே இதனைக் கற்கத் தொடங்கினோம். கற்கக் கற்க, வலைத்தளத்தைத் திருத்தும் பணியில் பெரும்பகுதி எழுத்தைத் திருத்தும் பணியே என்பதும், கைமாறுவது வெறும் கணினிக் கோப்பன்று, படிப்போர் வைத்த நம்பிக்கையே என்பதும் புலனாயின. எனவே இப்பொருள் நமக்கு முற்றும் அயலானதன்று எனக் கருதுகிறோம்.

தளம் சொத்தான வரலாறு

ஒரு வலைத்தளத்தை விற்கும்போது விற்கப்படுவன எவை? முதலாவது தளப்பெயர், டொமைன் என்று வழங்கப்படுவது இதுவே. அடுத்து அத்தளத்திலுள்ள எழுத்துகள், படங்கள், நிரல்கள். பின்னர், பிற தளங்கள் அதனைச் சுட்டி வைத்திருக்கும் இணைப்புகள், தேடுபொறிகளில் அதற்குள்ள இடம், மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்தோர், பல ஆண்டுப் பழக்கத்தால் திரும்பத் திரும்ப வருவோர். முதலில் கூறியவற்றை ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கலாம். பின்னர்க் கூறியவற்றை எவரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அவை தளத்தைத் தொடர்ந்து வரலாம், வராமலும் போகலாம்.

தளப்பெயர்கள் தொடக்கத்தில் விலையின்றியே வழங்கப்பட்டன. 1995 செப்டம்பரில்தான் அமெரிக்காவின் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் எனக் கட்டணம் விதித்தது. 1996ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், தன் பொருளைப் பரிந்துரைத்து விற்பனைக்கு வழிகாட்டும் தளங்களுக்குத் தரகு தரும் முறையைத் தொடங்கியது. 2003ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் ஆட்சென்ஸ் வந்தது. அதுவரை ஒரு தளத்தில் விளம்பரம் பெற வேண்டுமாயின் விளம்பரதாரரைத் தேடி அலைய வேண்டும். ஆட்சென்ஸ் வந்தபின், தோட்டக்கலை பற்றித் தனியொருவர் எழுதும் சிறுதளத்திலும் விளம்பரம் தானே வந்து அமர்ந்தது. திங்கள்தோறும் இவ்வளவு என்று வருவாய்க் கணக்கும் கைக்கு வந்தது. மாத வருவாய் இன்னதென்று தெரிந்த பொருளுக்கு விலை சொல்வது எளிது. சிறுதளங்களின் சந்தை வளர்ந்தமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இயங்கிய சைட்பாய்ன்ட் தளத்தின் விற்பனைப் பகுதி 2009ஆம் ஆண்டில் பிரிந்து ஃப்ளிப்பா என்னும் தனிச் சந்தையாயிற்று. எம்பயர் ஃப்ளிப்பர்ஸ் போன்ற தரகு நிறுவனங்களும் பின்னர் எழுந்தன.

பெருந்தொகைக்குத் தளங்கள் கைமாறியதைத் தமிழகம் அதற்கு முன்னரே கண்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம், ராஜேஷ் ஜெயின் நடத்திய இந்தியாவேர்ல்டு தளங்களை வாங்க 499 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது 1999 நவம்பரில். ஆயின் அது மெலிந்த தளத்தை வாங்கித் திருத்தும் வகையினதன்று. இணையப் பங்குகள் வானளாவ ஏறியிருந்த காலத்தின் விலை அது. மேலும், தமிழில் எழுதப்படும் தளங்கள் இச்சந்தையில் அரிதாகவே காணப்படுவதற்கும் ஒரு காரணம் உண்டு. ஆட்சென்ஸ் ஏற்கும் மொழிகளின் வரிசையில் தமிழ் சேர்க்கப்பட்டது 2018ஆம் ஆண்டிலேதான். பதினைந்து ஆண்டுக்காலம் தமிழ்த்தளம் நடத்தியோர் பலர் கைப்பொருளைச் செலவிட்டே நடத்தினர். அவர்தம் உழைப்பைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம்.

முப்பது மடங்குக் கணக்கு

சிறு தளங்களின் விலை, மாத நிகர வருவாயின் இத்தனை மடங்கு என்று பேசப்படுகின்றது. சந்தையின் ஏற்ற இறக்கத்திற்கும் தளத்தின் வயதிற்கும் தக்கவாறு 20 மடங்கு முதல் 40 மடங்கு வரை சொல்லப்படுவது பெருவழக்கு. ஒரு கடையையோ வீட்டையோ வாங்குவோர் ஆண்டு வருவாயைக் கொண்டு கணக்கிட, தளம் வாங்குவோர் மாத வருவாயைக் கொண்டு கணக்கிடுவது நோக்கத்தக்கது. ஈராண்டு மூன்றாண்டுக்கு அப்பால் இத்தளம் இருக்குமோ இராதோ என்னும் ஐயம் அந்த அளவுகோலிலேயே அடங்கியிருக்கின்றது.

மாணவர் கொண்டுவந்த கணக்கை ஈண்டு அப்படியே தருகிறோம். சமையலறைக் கருவிகளை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஓர் ஆங்கிலத் தளம். மாதம் 10,000 ரூபாய் நிகர வருவாய். 30 மடங்கு விலை. ஆக 3 இலட்சம். எட்டுத் திங்களில் திருத்தி மாத வருவாயை 18,000 ஆக்கிவிட்டால், அதே 30 மடங்கில் 5,40,000 ரூபாய்க்கு விற்கலாம். மிச்சம் 2,40,000. மாணவர் தாளில் இவ்விடத்தில் இரட்டைக் கோடு போட்டிருந்தார்.

அக்கோட்டிற்குக் கீழே நாம் சிலவற்றைச் சேர்த்து எழுதினோம். விற்றுத்தரும் தரகர்க்கு 15 விழுக்காடு என்று கொண்டால் 81,000. கட்டுரைகளைத் திருத்தி எழுதவும் படம் எடுக்கவும் 40,000. வழங்கிக் கணினி வாடகை முதலியவற்றுக்கு 9,000. ஆக 1,30,000 கழிய, 1,10,000 எஞ்சும். இடைப்பட்ட மாதங்களில் வரும் வருவாயை இதனோடு கூட்டிக்கொள்ளலாம். வருமான வரியையும், எட்டுத் திங்கள் இரவு விழித்த உழைப்பின் கூலியையும் கழித்துக்கொள்ள வேண்டும். இதுவும் இழப்பன்று, நல்ல ஊதியமே. ஆனால் எல்லாம் எண்ணியபடி நடந்தால் மட்டுமே.

எண்ணியபடி நடவாவிடில்? நான்காம் மாதத்தில் வருகையாளர் பாதியாகி வருவாய் 5,000 ஆகிறது என்று கொள்வோம். வீழ்ந்துகொண்டிருக்கும் தளத்துக்கு எவரும் 30 மடங்கு தரமாட்டார். 20 மடங்கு கிடைத்தால் ஒரு இலட்சம். தந்தையாரின் சேமிப்பில் 2 இலட்சம் போயிற்று. வருவாய் பாதியாகும்போது விலை மூன்றில் ஒன்றாகின்றது என்பதே இக்கணக்கின் கூர்மை. மாதம் ஒரு ரூபாய் கூடினால் விலையில் முப்பது ரூபாய் கூடுகின்றது. ஒரு ரூபாய் குறைந்தால் முப்பதுக்கும் மேலே குறைகின்றது.

விற்போரின் சூழ்ச்சிகளுக்கெல்லாம் ஊற்றுக்கண் இதுவேயாம். மாத வருவாயை 2,000 ரூபாய் மிகைப்படுத்திக் காட்டினால் வாங்குவோரிடமிருந்து 60,000 ரூபாய் மிகையாகப் பெறலாம். சிலர் விற்பதற்கு முந்திய மாதங்களில் செலவுகளை நிறுத்திவிட்டு நிகர வருவாயை உயர்த்திக் காட்டுவர். தம் சொந்த உழைப்பைச் செலவில் சேர்க்கவே மாட்டார் சிலர். பணம் கொடுத்து வருகையாளரைத் திரட்டுவதும், தமக்குச் சொந்தமான வேறு பல தளங்களிலிருந்து இணைப்புகளைத் தந்து தேடுபொறியில் உயர்த்திவைத்து, விற்ற மறு திங்களே அவ்விணைப்புகளை அகற்றிவிடுவதும் உண்டு. வருவாய்க்குச் சான்றாகத் திரையின் படத்தை மட்டும் அனுப்புவார் உளர். படத்திலுள்ள எண்ணை மாற்றுவது பள்ளிச் சிறுவர்க்கும் எளிய செயல். ஆதலின் படத்தை நம்பலாகாது. கணக்கைப் பார்க்கும் உரிமையையே கேட்டுப் பெற்று, கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் ஆகியவற்றில் குறைந்தது 12 மாத வரலாற்றை நேரில் காண வேண்டும். தளத்தின் பழைய தோற்றங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தில் காணலாம். சமையல் தளம் என்று விற்கப்படுவது மூன்றாண்டுக்கு முன் சூதாட்ட விளம்பரத் தளமாக இருந்ததை அங்கே கண்டு விலகிக்கொள்ளலாம்.

மாணவர் கண்ட தளத்தில் நாம் கேட்டது ஒன்றே: ‘மாதம் 10,000 என்பது எந்த மாதங்களின் சராசரி?’ விடை வந்தது; அக்டோபர், நவம்பர், டிசம்பர். மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பொருள் வாங்கும் காலம் அது. பன்னிரு மாதக் கணக்கை வருவித்துப் பார்த்தபோது சராசரி 5,000 ரூபாயைத் தொடவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. மூன்று மாதங்களைச் சொன்னார், ஒன்பது மாதங்களைச் சொல்லவில்லை.

திருத்தும் பணி

தளம் மெலிந்து கிடப்பதற்குரிய காரணங்கள் பல. உரியவர் சலித்துப்போயிருக்கலாம், நோயுற்றிருக்கலாம், எழுதத் தெரிந்தவர்க்கு விற்கத் தெரியாதிருக்கலாம். பொருள் நன்றாக இருந்து புறணி கெட்டிருக்கும் இத்தகைய தளங்களே வாங்கத்தக்கவை. பெரிய படங்களைச் சுருக்காமல் ஏற்றி வைத்தமையால் பக்கம் திறக்க நெடுநேரமாகும். கைப்பேசியில் எழுத்து சிதறித் தெரியும். ஐந்தாண்டுக்கு முந்திய விலையும் மறைந்துபோன கருவியும் பக்கத்தில் நிற்கும். சுட்டிய இணைப்புகள் பல எங்கும் செல்லமாட்டா. இவற்றைச் சீராக்குவது ஒரு வார வேலை. இதில் மறைபொருள் எதுவுமில்லை.

ஆழமான வேலை எழுத்தில் உள்ளது. படிக்க வருபவர் ஒரு வினாவோடு வருகிறார். விடை முதற்பத்தியில் இல்லையாயின் திரும்பிவிடுகிறார். ஒரே பொருளைப் பற்றி மும்முறை எழுதப்பட்ட மூன்று மெலிந்த கட்டுரைகளை ஒன்றாக்கி, தலைப்பை வினாவுக்கேற்ப மாற்றி, தெளிவற்ற இடத்தில் படம் எடுத்துச் சேர்த்து, பழைய முகவரிகளிலிருந்து புதிய பக்கத்துக்கு வழிமாற்றிவிடுவது இத்தொழிலில் தேர்ந்தோர் செய்யும் முதற்பணி. நூறு கட்டுரைகளை நாற்பதாக்கி வருகையாளரை மிகுவித்தல் இயலும். பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியை வெட்டித் திருத்துவதற்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. நம் மாணவர்க்கு இது புரிந்த அளவுக்குக் கணினி பயின்ற அவர் நண்பர்க்குப் புரியவில்லை என்பதை ஒரு பெருமிதத்தோடு கூறிக்கொள்கிறோம்.

ஆயின் எவ்வளவு திருத்தினாலும் அடித்தளம் பிறர் கையில் உள்ளது என்பதை மறத்தலாகாது. 2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் பாண்டா என்னும் மாற்றத்தைத் தன் தேடுமுறையில் புகுத்தியபோது, எண்ணிக்கைக்காக எழுதிக் குவித்த தளங்கள் பல ஒரே வாரத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த பெங்குயின், செயற்கையாகச் சேர்த்த இணைப்புகளைக் குறிவைத்தது. 2020 ஏப்ரலில் அமேசான் நிறுவனம் தன் தரகைக் குறைத்தது. அறைகலன், தோட்டக்கருவி முதலியவற்றுக்கு 8 விழுக்காடாக இருந்தது 3 விழுக்காடாயிற்று. அப்பொருள்களை மட்டும் நம்பியிருந்த தளம் வருகையாளர் ஒருவரையும் இழக்காமலே வருவாயில் பாதிக்கு மேல் இழந்தது. எழுதியவர் பிழை செய்யவில்லை; வாங்கியவரும் பிழை செய்யவில்லை. ஒரே வழியில் வருகையாளரையும் ஒரே கையில் வருவாயையும் வைத்திருந்ததே குறை. ஆட்சென்ஸ் கணக்கு ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு மாற்றத்தக்கதன்று என்பதையும் புதியவர் அறிதல் வேண்டும். தளத்தை வாங்குவோர் தம் சொந்தக் கணக்கைக் கொண்டே விளம்பரம் இட வேண்டும். அதற்கு ஒப்புதல் கிடைக்காவிடில் வாங்கிய அன்றே வருவாய் நின்றுவிடும்.

டிக், டெலிஷியஸ்: இரு வரலாறுகள்

பெருந்தளங்களின் வரலாறு பொதுவில் வெளிவருவதால் அவற்றைக் கொண்டு இத்தொழிலின் இயல்பை ஆராய்தல் எளிது.

டிக் என்னும் தளம் 2004ஆம் ஆண்டில் கெவின் ரோஸ் முதலியோரால் தொடங்கப்பட்டது. செய்தியைப் படிப்போரே வாக்களித்து முதற்பக்கத்துக்கு ஏற்றும் புதுமை அதனுடையது. ஒரு காலத்தில் அதனை வாங்கக் கூகுள் பேச்சு நடத்தியதாகவும், பேசப்பட்ட தொகை 20 கோடி டாலர் அளவினது என்றும் செய்திகள் வந்தன. 2010 ஆகஸ்டில் தளத்தின் நான்காம் பதிப்பு வெளியிடப்பட்டது. படிப்போர்க்கு இருந்த சில உரிமைகள் அதில் நீக்கப்பட்டன. செய்தி நிறுவனங்கள் தம் செய்திகளைத் தாமே ஏற்றும் வழி திறக்கப்பட்டது. வாக்களித்து வளர்த்தவர்கள் சினந்து ரெடிட் என்னும் போட்டித் தளத்துக்குச் சென்றனர். 2012 ஜூலையில் நியூயார்க் நகரின் பெடாவொர்க்ஸ் நிறுவனம் டிக் தளத்தையும் பெயரையும் ஏறத்தாழ 5 இலட்சம் டாலருக்கு வாங்கியதாக அறியப்படுகின்றது. முன்னைய மதிப்போடு ஒப்பிட்டால் நானூறில் ஒரு பங்கு.

வாங்கியவர்கள் என்ன செய்தனர்? பழைய நிரலைத் தூக்கி எறிந்துவிட்டு ஆறு வாரத்தில் தளத்தை அடியிலிருந்து மீண்டும் எழுதினர். பக்கத்தை எளிமையாக்கினர். மறு ஆண்டு கூகுள் தன் ரீடர் என்னும் செய்தி வாசிப்பு ஏற்பாட்டை மூடியபோது, வீடிழந்தார்போல் நின்ற அதன் வாசகர்க்கு டிக் ரீடரை அமைத்துத் தந்தனர். முதலில் படிப்போர்க்கு வேண்டியது யாதெனக் கேட்டறிந்து, பின்னரே அமைத்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அத்தளம் 2018ஆம் ஆண்டில் மீண்டும் கைமாறியது. 2025ஆம் ஆண்டில் கெவின் ரோஸ், ரெடிட் தளத்தைத் தொடங்கியோருள் ஒருவரான அலெக்சிஸ் ஓஹானியனோடு சேர்ந்து அதனைத் திரும்ப வாங்கினார். விட்டுப்போன வீட்டைப் பிள்ளையே வந்து வாங்கியது போலாயிற்று.

டெலிஷியஸ் வரலாறு வேறுவகையானது. படித்த பக்கங்களின் முகவரிகளைக் குறித்து வைத்துக்கொள்ளவும் பிறரோடு பகிரவும் உதவிய தளம் அது. 2003ஆம் ஆண்டில் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கினார். 2005ஆம் ஆண்டில் யாஹூ வாங்கியது. 2010 டிசம்பரில் அது மூடப்படும் என்ற செய்தி கசிந்தது. மக்கள் தம் குறிப்புகளை அள்ளிக்கொண்டு ஓடினர். 2011ஆம் ஆண்டில் யூடியூபைத் தோற்றுவித்தோருள் இருவர் அதனை வாங்கிப் புதுக்கினர். புதுக்கியதில் பழையோர் நம்பியிருந்த வசதிகள் சில காணாமற்போயின. எஞ்சியோரிலும் பலர் நீங்கினர். மேலும் இருமுறை கைமாறியபின், 2017 ஜூனில், சிறு போட்டித் தளமாகிய பின்போர்டை ஒற்றை ஆளாக நடத்திவந்த மாச்செய் செக்லோவ்ஸ்கி அதனை 35,000 டாலருக்கு வாங்கினார். வாங்கிய விலையை அவரே வெளிப்படையாகக் கூறினார். புதுக் குறிப்புகள் ஏற்பதை நிறுத்தி, படிப்பதற்கு மட்டும் திறந்து வைத்து, வேண்டுவோர் தம் தளத்துக்கு மாறிக்கொள்ளலாம் என அறிவித்தார்.

மெலிந்த தளத்தைத் திருத்துவோர் செய்யும் பெரும்பிழை எதுவென்று இவ்விரு வரலாற்றையும் ஒருங்குவைத்துக் காணின் தெளியலாம். தளம் கெட்டது என்று கருதி, அதில் கெடாதிருந்ததையும் மாற்றிவிடுவதே அப்பிழை. எஞ்சியிருக்கும் சிலர் எதற்காக எஞ்சியிருக்கின்றனர் என்று கேளாமல் சுவரில் கைவைக்கலாகாது.

பெயரை வாங்கியோர்

இனி, இத்தொழிலின் இருண்ட பக்கத்தையும் காண வேண்டும். தளத்தைத் திருத்தாமல், அதன் பெயருக்குள்ள மதிப்பை மட்டும் பிழிந்தெடுக்கும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது.

தி ஹேர்பின் என்பது 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, பெண் எழுத்தாளர் பலரை வளர்த்த தளம். 2018 ஜனவரியில் அது நின்றுபோயிற்று. பின்னர் அதன் தளப்பெயரைச் செர்பிய நாட்டுத் தொழில்முனைவோர் ஒருவர் வாங்கி, செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்ட கட்டுரைகளை அதில் நிரப்பினார். பழைய கட்டுரைகள் சில அப்படியே வைக்கப்பட்டன. ஆயின் எழுதிய பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டு ஆண்பெயர்கள் இடப்பட்டிருந்தமையை 2024ஆம் ஆண்டில் வயர்டு இதழ் வெளிப்படுத்தியது. அதே ஆண்டில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஆப்பிள் கணினிகள் பற்றி 2004 முதல் 2015 வரை வெளிவந்து நின்றுபோன ஓர் ஆங்கிலத் தளம் திடீரென உயிர்பெற்றது. முன்னர் அங்கே எழுதியவர்களின் உண்மைப் பெயர்களின்கீழ், அவர்கள் எழுதாத கட்டுரைகள், இயந்திரம் வரைந்த பொய்ம்முகங்களோடு வெளியாயின. ஒரு பத்திரிகையாளர் காலையில் எழுந்து, பத்தாண்டுக்கு முன் விட்டுவிலகிய தளத்தில் நேற்றைய தேதியிட்டுத் தம் பெயரைக் காண்பது எத்தகைய அதிர்ச்சி! அவர்கள் குரல் எழுப்பிய பின்னர் பெயர்கள் மாற்றப்பட்டன, கட்டுரைகள் அகற்றப்படவில்லை.

சட்டத்தின் நோக்கில் தளப்பெயரை வாங்கியவர் தளப்பெயருக்கு உரியவர். ஆனால் அத்தளத்தில் எழுதியவரின் பெயர் அவர் வாங்கிய பட்டியலில் இல்லை. வீட்டை வாங்கியவர், முன்னர்க் குடியிருந்தவரின் கையெழுத்தில் கடிதம் எழுதத் தொடங்குவதை எவர் ஏற்பார்? மருந்து, மகப்பேறு, முதலீடு போன்றவற்றைப் பற்றிய தளங்களில் இவ்வாறு நிகழ்ந்தால், பழைய நம்பிக்கையோடு வரும் வாசகர் அடையும் கேடு பெயரிழப்போடு நிற்காது. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில், காலாவதியான தளப்பெயர்களை வாங்கி அவற்றின் பழைய மதிப்பைப் பயன்படுத்தித் தரமற்றதை முன்னிறுத்துவதை முறைகேடு என வெளிப்படையாக வகுத்துச் சேர்த்தது. தேடுபொறி நிறுவனம் அறம் கருதி இதனைச் செய்தது என நாம் கொள்ள வேண்டுவதில்லை. தேடுவோர் குப்பையைக் கண்டு சலித்தால் அதன் கடையும் காற்று வாங்கும். எனினும் பயன் ஒன்றே.

மாணவர் வாங்கிய தளம்

3 இலட்சத் தளத்தை மாணவர் வாங்கவில்லை. தந்தையாரின் பணம் வங்கியிலேயே இருக்கின்றது. மாறாக, தம் சொந்தச் சேமிப்பில் 45,000 ரூபாய் கொடுத்து மாதம் 1,500 ரூபாய் வருவாயுள்ள ஒரு சிறு தளத்தை வாங்கினார். பழைய தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது பற்றி, வெளிநாட்டு முதியவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிவந்த தளம் அது. கண்பார்வை மங்கியமையால் விற்றார். பணத்தை நேரே அனுப்பாமல், தளப்பெயர் கைமாறி முடியும் வரை நடுவர் கையில் வைக்கும் எஸ்க்ரோ முறையிலேயே செலுத்த வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். முதியவர்க்கு அது சற்று வருத்தம் தந்ததாக மாணவர் கூறினார். இருக்கலாம், நல்லவரிடமும் முறைப்படி நடப்பதே முறை.

தந்தையாரின் கடையிலிருந்த இயந்திரத்தைப் பிரித்து வைத்து, பாபின் மாட்டுவது முதல் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்வது வரை படம் எடுத்துச் சேர்த்தார் மாணவர். படத்திலுள்ள கைகள் தந்தையாருடையவை. ஒன்றையொன்று ஒத்த கட்டுரைகளை இணைத்தார். ஆங்கில நடையில் ஐயம் நேர்ந்த இடங்களை நம் கல்லூரி ஆங்கிலத் துறை நண்பர் திருத்தித் தந்தார். ஏழு திங்களில் வருவாய் 2,700 ஆயிற்று. 90,000 ரூபாய்க்குக் கேட்டு ஒருவர் வந்தார். அவர் விதித்த வேண்டுகோள் ஒன்று: முதியவரின் பெயரும் படமும் தளத்தில் நீடிக்க வேண்டும், இனி வரும் கட்டுரைகளையும் அப்பெயரிலேயே வெளியிட உரிமை வேண்டும். அவற்றை எழுதப்போவது யார் என்ற வினாவுக்கு அவர் நேராக விடை சொல்லவில்லை.

மாணவர் மீண்டும் ஒரு மாலையில் நம் அறைக்கு வந்தார். ஒப்பந்தத் தாளில் பெயரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘ஐயா, பெயரையும் சேர்த்துத்தானே வாங்கினேன்?’ என்றார். நாம் விடை கூறாமல் முதியவர்க்கே எழுதிக் கேட்கச் சொன்னோம். பத்து நாள் கழித்து, யாரோ தட்டச்சு செய்து கொடுத்த மடல் வந்தது. தாம் எழுதியவற்றின்கீழ்த் தம் பெயர் இருக்கட்டும் என்றும், எழுதாதவற்றின்கீழ் வேண்டா என்றும், படத்திலுள்ள கைகள் யாருடையவை என அறிய விரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தார்.

மாணவர் முதியவர் சொன்னதை விற்பனை விதிகளில் நான்காவதாகச் சேர்த்து வாங்குவோர்க்கு அனுப்பியுள்ளார். 90,000 என்பது குறையக்கூடும் என்பதை அவர் அறிவார். இக்கட்டுரை அச்சுக்குச் செல்லும் வரை விடை வரவில்லை. இடையில், இயந்திரத்தின் அடிப்பகுதியில் எண்ணெய் இடும் முறை பற்றித் தந்தையாரின் பெயரில் ஒரு புதுக்கட்டுரை தளத்தில் வெளியாகியிருக்கின்றது.